ஒன்பது என்று போடுங்கள்

காலையில் கண்டனூர், மத்தியானம் தேவகோட்டை.
இரண்டு ஆய்வு, ஒரு ஸ்கூட்டி,
ஒரே பையில் இரண்டு கட்டுத் தாள்.
மஞ்சள் தாள் பதினோராம் வகுப்புக்கு:
எய்ட்ஸ் பற்றி என்ன தெரியும், இருபத்தைந்து கேள்வி.
வெள்ளைத் தாள் பிறந்து மூன்று நாள் தாண்டாதவர்களுக்கு.
அவர்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை,
தொடையை விரித்தால்
இடுப்பு இடத்தில் இருக்கிறதா, அவ்வளவுதான்.

பெரிய வீடொன்றின் இரண்டாம் கட்டில் வகுப்பு நடக்கிறது.
புதுவயல் மில்லில் நெல் அவிக்கிற வாடை
முற்றம் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.
பார்த்து எழுதக் கூடாதென்று
தூணுக்கு ஒருத்தியாக உட்காரவைத்தேன்.
பெயர் வேண்டாம், எண் போதும் என்றேன்.
கொசு கடித்தால் வருமா?
ஒரே தம்ளரில் குடித்தால்?
ஒன்பதாம் கேள்வியில் ஆணுறை என்று வாசித்தேன்.
தூண்களெல்லாம் சிரித்தன.
உயிரியல் டீச்சர் எழுந்து
ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலை மூடப் போனார்.

மத்தியானம் நாகஜோதியின் பெண்.
இரண்டு கிலோ எழுநூறு,
புட்டம் கீழாகக் கிடந்து ஆபரேஷனில் வந்தவள்.
கட்டைவிரல் உள்தொடையில், நடுவிரல் வெளியே.
வலது சும்மா இருந்தது.
இடதில் ஒரு சொடக்கு.
காதுக்குக் கேட்காது,
விரலுக்கு மட்டும் கேட்கும்:
கிண்ணத்துக்கு வெளியே நின்ற எலும்பு
உள்ளே போய் விழுகிற சத்தம்.

டாக்டர் அழகம்மை தானும் விரல் வைத்துப் பார்த்தார்.
ஸ்கேன் எடுக்கணும், பிறகு வார் போடணும்,
தவளை மாதிரி மடக்கி வாரக்கணக்கில்.
சீக்கிரம் தெரிந்தது நல்லது என்றார்.
அடுத்த கட்டில்காரி எட்டிப் பார்த்து,
ரெண்டு காலையும் நீட்டிச் சேர்த்துக் கட்டு,
நேராயிரும், என்றாள்.
கட்டாதீங்க என்று நான் போட்ட சத்தத்தில்
வார்டே திரும்பியது.

நாகஜோதி மெல்லக் கேட்டாள்:
"மாசமா இருக்கையில தண்ணிக்கொடம் தூக்குனேன்.
அதனாலயாக்கா?"
வெள்ளைத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
இல்லை என்றேன்.
மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

ராத்திரி, செக்காலை ரோட்டு அறை.
மஞ்சள் தாள்களை எண்களாக மாற்றுகிறேன்.
ஆம் ஒன்று, இல்லை இரண்டு, தெரியாது மூன்று.
நூற்றுப் பதினேழாவது தாள் எல்லாம் சரி.
மாத்திரை விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதுகூட.
டீச்சருக்கே அது தெரியாது.
இருபத்து நான்காம் கேள்வி:
தொற்று உள்ள மாணவியின் பக்கத்தில் உட்காருவீர்களா?
மூன்று கட்டமும் வெறுமை.
ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில்,
"என் பக்கத்திலயா?"

புள்ளியியல் அருளானந்துக்கு போன் போட்டேன்.
விடுபட்டதா? ஒன்பது என்று போடுங்கள்.
விடுபடவில்லை சார், எழுதியிருக்கிறாள்.
மூணுல ஒண்ணுல டிக் இருக்கா?
இல்லை.
அப்ப ஒன்பது.

விளையாட்டாக எழுதியிருக்கலாம்.
கேள்வி புரியாமலும் இருக்கலாம்.
எந்தத் தூண், எந்தத் தூண் என்று
முற்றத்தைச் சுற்றி ஒரு முறை மனசுக்குள் நடந்தேன்.
கிழக்குப் பக்கம், ரெட்டைச் சடை...
நின்றுவிட்டேன்.
பெயர் வேண்டாம் என்று சொன்னவள் நான்.
தள்ளித் தள்ளி உட்காரவைத்தவளும் நான்தான்.

ஒன்பது போட்டேன்.
நடுவிரல் அந்தச் சாவியில் இருந்தபடியே
கொஞ்ச நேரம் இருந்தது.

நாளைக்குப் பள்ளத்தூர்.
நடுவில் கேள்வியை மாற்ற முடியாது,
கமிட்டி ஒப்புக்கொண்ட கேள்வி.
தாள்களை ஐந்து வருஷம்
இரும்பு பீரோவில் பூட்டி வைக்க வேண்டும், அதுவும் விதி.
அதற்குள் நாகஜோதியின் பெண்
நடந்து, ஓடி, விழுந்து,
எல்கேஜி பெஞ்சில் இடம் தேடிக்கொண்டிருப்பாள்,
யாராவது நகர்ந்து உட்காரட்டும் என்று
பையோடு நின்றபடி.